ஒண்டியாக நெய்த நாயகன்

தியேட்டருக்கு இரண்டு வாசல். வலது வாசலில் கூட்டம் நெரிந்தது. அதனால் ராமலிங்கம் இடது வாசல் வழியாக வெளியே வந்தார். அங்கே ஒரு மைக் காத்திருந்தது.

மைக்கைப் பிடித்திருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவளுக்குப் பின்னால் ஒருவன் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.

"அண்ணே, படம் எப்டி இருக்குது? நெசவாளர் கேரக்டருக்கு 'சூறாவளி' ரணதீர் செட் ஆயிட்டாரா?"

ராமலிங்கத்திடம் அதுவரை யாரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. ரேஷன் கடையில்கூடக் கைரேகையைத்தான் கேட்பார்கள். பிள்ளையார்பாளையத்தில் இருபத்தாறு வருஷமாகப் பட்டுப் புடவை நெய்கிறவர். 'தறிவேந்தன்' காஞ்சிபுரத்து நெசவாளியின் கதை என்று போஸ்டரில் போட்டிருந்ததால் மனைவி எல்லம்மாளோடு பார்க்க வந்திருந்தார். கேள்வியை மதித்தார். யோசித்துப் பதில் சொன்னார்.

"நல்லாத்தான் நடிச்சாரும்மா. அழுவுற சீன்ல எனக்கே தொண்டைய அடைச்சிக்கிச்சு. ஒண்ணே ஒண்ணுதான். கோர்வைப் புடவைய ஒண்டியா உக்காந்து நெய்யறாரு. அது ஆவாது. இந்தப் பக்கம் ஒரு ஆளு, அந்தப் பக்கம் ஒரு ஆளு, ரெண்டு பேரு வேணும்."

"ஒருத்தரால முடியவே முடியாதாண்ணே?"

"முடியாதும்மா. உடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. ரெண்டையும் நூலுக்கு நூலு கோக்கணும். குறுக்க ஓடுற நாடா மட்டும் மூணு. மனுஷனுக்கு ரெண்டு கைதானே?"

பக்கத்தில் நின்ற எல்லம்மாள் தலையை ஆட்டினாள். அவர்கள் வீட்டுத் தறியில் அந்தப் பக்கத்து ஆள் அவள்தான்.

பேட்டி முப்பத்தெட்டு வினாடி. சாயங்காலம் ஐந்து மணிக்கு அதற்கு ஒரு தலைப்பு முளைத்தது: 'ரணதீரால் தனியாக முடியாது! காஞ்சி நெசவாளர் பகிரங்கம்!' ஆறு மணிக்கு எண்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். ஆறே காலுக்கு யாரோ ராமலிங்கத்தின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'யார் இவன்?' என்று கேட்டிருந்தார்கள்.

அவர் யார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவருக்குப் பின்னால் யார் என்பதில்தான் சிக்கல்.

★

மறுநாள் காலை ராமலிங்கம் மணிமுடி பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனார். பாவு வாங்க. புடவையின் நீளவாட்டில் ஓடும் நூல்கள் எல்லாம் சேர்ந்ததுதான் பாவு. ஒரு பாவில் மூன்று புடவை இறங்கும். பழைய பாவு முடிந்து மூன்று புடவைகளையும் ஒப்படைத்தாயிற்று. புதுசு தயார் என்று வெள்ளிக்கிழமையே போன் வந்திருந்தது. சங்கம் பாவு கொடுத்தால் தறி ஓடும். தறி ஓடினால் வீடு ஓடும். இருபத்தாறு வருஷத்தில் அவர் தறி இரண்டு நாளுக்கு மேல் சும்மா கிடந்ததில்லை.

பாவு அலமாரியில் இருந்தது. அரக்குச் சிவப்பு. அவர் கேட்டிருந்த அதே நிறம். அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'விசாரணையில் உள்ளது.'

"பாவு இன்னாம்மா தப்பு பண்ணிச்சு?" என்று எழுத்தர் கிரேஸிடம் கேட்டார்.

கிரேஸ் பதிலுக்குத் தலைவர் அறைக் கதவைக் கண்ணால் காட்டினாள்.

சங்கத் தலைவர் தனசேகரன் மேஜையில் குனிந்திருந்தார். கையில் லென்ஸ். புடவையில் நூல் எண்ணுவதற்காகச் சங்கம் வாங்கிய லென்ஸ் அது. அதை வைத்துச் செல்போன் திரையில் ராமலிங்கத்தின் முகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"வா. உன்னை யாரு அனுப்புனது?"

"எல்லம்மாதாங்க. பாவு வாங்கியாரச் சொல்லி."

"நடிக்காத." தலைவர் லென்ஸை இறக்கினார். "தியேட்டருக்கு யாரு அனுப்புனதுன்னு கேக்கறேன். அடுத்த மாசம் ரணதீரை நம்ம சங்கத்தோட பட்டுத் தூதரா அறிவிக்கப் போறோம். செவிலிமேட்டுல மண்டபம் புக் பண்ணியாச்சு. நாலாயிரம் காலண்டர் அடிச்சாச்சு. காலண்டர்ல இன்னா படம் தெரியுமா? அவரு ஒண்டியா உக்காந்து நெய்யற படம். இப்ப வந்து நீ ரெண்டு ஆளு வேணும்ன்ற. நாலாயிரம் காலண்டர்லயும் நான் உக்காந்து இன்னொரு ஆளை வரையட்டுமா?"

"நம்ம தறிங்க எல்லாத்துலயும் ரெண்டு பேருதானுங்களே…"

"பாத்தியா. திரும்பத் திரும்ப அதையே சொல்ற. சொல்லிக் குடுத்தவன் ஒருத்தன் இல்லாம இவ்ளோ உறுதி வராது." தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் நாப்பது வருஷமா சங்கத்துல இருக்கேன். ஒரு நாள் தறியில உக்காந்ததில்ல. அதனால எனக்குத் தறி மேல விருப்பும் இல்ல, வெறுப்பும் இல்ல. நீ தினம் உக்கார்றவன். உன் பேச்சுல பாரபட்சம் இருக்கத்தான் செய்யும். குழு போட்டு விசாரிக்கறேன். அது வரைக்கும் பாவு அங்கயே இருக்கட்டும்."

"தறி சும்மா கெடக்குதுங்க."

"விசாரணை நடக்குது இல்ல? அது சும்மாவா கெடக்குது?"

★

குழுவுக்குப் 'பாத்திரப் பொருத்த விசாரணைக் குழு' என்று பெயர் வைத்தார்கள். நெசவாளி பாத்திரத்துக்கு ரணதீர் பொருத்தமா, பொருத்தம் என்றால் அதை மறுப்பவரின் நோக்கம் என்ன என்ற இரண்டு விஷயங்களை ஆராய வேண்டும். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வது என்று ஒருமனதாக முடிவானது.

உறுப்பினர்கள் மூன்று பேர். தலைவர் தனசேகரன். ரணதீர் நற்பணி மன்றத்தின் நகரச் செயலாளரும் செல்போன் கடைக்காரருமான சிட்டிபாபு. மூன்றாமவர் ஏனாத்தூரிலிருந்து வந்த ஜோசுவா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் நடுநிலை உறுப்பினர். விதி இரண்டின்படி நடுநிலை உறுப்பினர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கக் கூடாது. தறியையும் பார்த்திருக்கக் கூடாது. காஞ்சிபுரத்துக்குள் அப்படி ஓர் ஆள் அகப்படாமல் சங்கம் ஒன்பது நாள் அலைந்தது. அந்த ஒன்பது நாளும் ராமலிங்கத்தின் தறி வெறும் கட்டையாக நின்றது.

சிட்டிபாபு ஒரு ஃபைலோடு வந்திருந்தார்.

"கடைசியா திலக்ராஜ் படம் எப்போ பாத்தே?"

திலக்ராஜ் என்பவர் ரணதீருக்குப் போட்டி நடிகர். இருவர் படமும் ஒரே நாளில் வந்தால் நகரத்தில் பால் தட்டுப்பாடு ஏற்படும்.

"பாக்கறதில்லீங்க."

"எதுக்குப் பாக்கறதில்ல? நாளைக்கு யாராச்சும் கேட்டா மாட்டிக்குவோம்னா?"

கிரேஸ், 'பதில் இல்லை' என்று தட்டச்சு செய்தாள்.

"உன் வூட்டு வாசக்கதவு இன்னா கலரு?"

"நீலங்க."

"திலக்ராஜ் மன்றக் கொடி இன்னா கலரு?"

"தெரியாதுங்க."

"நீலம்." சிட்டிபாபு ஃபைலை மூடினார். கோர்ட் சீன் முடிந்ததுபோல மற்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது என் மச்சான் வூட்டு கேட்டுக்கு அடிச்சி மீந்த பெயிண்ட்டு சார்!"

"மச்சான் பேரு?"

மச்சான் பெயரும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. அவர் வாலாஜாபாத்தில் இருந்தார். மறுநாள் அவருக்கும் நோட்டீஸ் போனது.

ஜோசுவா கையை உயர்த்தினார். "நடுநிலையா ஒரு கேள்வி. கோர்வைன்னா என்ன?"

"சார்," என்றார் தலைவர் பதறி, "அது தெரிஞ்சிட்டா நீங்க நடுநிலை இல்லாமப் பூடுவீங்க. விதி ரெண்டு."

ஜோசுவா வருத்தம் தெரிவித்துக் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

பிறகு பொருத்த அட்டவணை வந்தது. ஒரு பக்கம் படத்தில் வரும் நெசவாளி. மறு பக்கம் ராமலிங்கம். மொத்தம் ஐம்பது மார்க்.

"நெய்யும்போது நூல் அறுந்தா இன்னா பண்ணுவே?" தலைவர் கேட்டார்.

"முடிச்சு போடுவேங்க."

"அதுக்கு முன்னாடி?"

"அறுந்த நூலு எதுன்னு தேடுவேன்."

"அழ மாட்டே?"

"அழுதா நூலு கண்ணுக்குத் தெரியாதுங்களே."

"எழுதிக்கம்மா. தொழிலில் உணர்ச்சி இல்லை. நெய்யும்போது பாடுவியா?"

"பாடினா கரையில எண்ணிக்கை தப்பிடுங்க."

"கலையார்வம் இல்லை. கொட்டுற மழையில நனைஞ்சிக்கினே தறியைக் காப்பாத்த ஓடி வந்திருக்கியா?"

"தறி வூட்டுக்குள்ளதானே இருக்குது? நானும் உள்ளதான் இருப்பேன்."

"தியாகம் இல்லை."

கூட்டிப் பார்த்தார்கள். ரணதீருக்கு நாற்பத்தொன்று. ராமலிங்கத்துக்கு ஒன்பது. அந்த ஒன்பதும் வருகைப் பதிவுக்காக.

தண்ணீர் குடிக்க வெளியே வந்த ராமலிங்கத்தின் பின்னால் கிரேஸ் வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, இவங்க உங்களப் பாத்துப் பயப்படல. ரிஜிஸ்டரப் பாத்துப் பயப்படறாங்க."

"எந்த ரிஜிஸ்டரும்மா?"

"படம் எடுக்கறதுக்கு முன்னாடி டைரக்டர் இங்க வந்தாரு. ஒரு தறியில எத்தினி பேரு நெய்யறாங்கன்னு கேட்டாரு. தலைவர் உறுப்பினர் ரிஜிஸ்டர ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாரு. அதுல ஒரு தறிக்கு ஒரு பேருதானே? படம் தப்புன்னா ரிஜிஸ்டர் தப்புன்னு ஆயிடும். எழுநூறு தறி அண்ணே. எழுநூறு பேரை எங்க போய்ச் சேக்கறது?"

ராமலிங்கம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எல்லம்மாளின் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை என்பதுதான் அந்த நிமிஷம் உறைத்தது.

★

சனிக்கிழமை கள ஆய்வு. மூன்று உறுப்பினர்களும் இரண்டு ஆட்டோவில் வந்தார்கள். ஒரே ஆட்டோவில் வந்தால் பேசி வைத்துக்கொண்டதாகச் சந்தேகம் வரும் என்று தலைவர் நினைத்தார். ஆனால் ஆட்டோ இரண்டு, ஆள் மூன்று. இரண்டு பேர் ஒரே ஆட்டோவில் வந்தது பற்றி ஒரு விளக்கக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அதை எழுதக் கிரேஸ் தனியாகப் பஸ்ஸில் வந்திருந்தாள்.

எல்லம்மாள் மோர் கொடுத்தாள். சிட்டிபாபு டம்ளரை முகர்ந்து பார்த்தார்.

"ஜோசுவா சார், நீங்க முதல்ல குடிங்க."

"ஏன்?"

"நீங்கதானே நடுநிலை?"

ஜோசுவா குடித்தார். ஐந்து நிமிஷம் காத்திருந்து மற்ற இருவரும் குடித்தார்கள்.

"சரி," என்றார் தலைவர். "உக்காந்து நெய்யி. ஒண்டியா."

ராமலிங்கம் தறியைக் காட்டினார். "பாவு இல்லீங்களே. உங்ககிட்டதான இருக்குது?"

"அது சாட்சிப் பொருள். தர முடியாது."

"நூலே இல்லாம எப்டி சார் நெய்யறது?"

"படத்துல மட்டும் முழுப் புடவையா காட்னாங்க? கையைத்தானே காட்னாங்க. நீயும் கையைக் காட்டு. அது போதும்."

ராமலிங்கம் தறிக்கு அடியிலிருந்த குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தார். மிதிபலகையை அழுத்தினார். நூலில்லாத நாடாவை இடது கையால் தள்ளினார். அது வலது ஓரம் வரை ஓடி நின்றது. அவர் கை அந்தரத்தில் நின்றது. இருபத்தாறு வருஷப் பழக்கம். அந்தப் பக்கத்திலிருந்து நாடா திரும்பி வரும் என்று கை காத்திருந்தது. சுவரோரம் நின்ற எல்லம்மாள் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தாள்.

"அம்மா, நீங்க வரக் கூடாது!" சிட்டிபாபு கையை நீட்டித் தடுத்தார். "படத்துல நீங்க இல்ல."

"இது படமா? என் வூடு."

"அக்கா, கோச்சிக்காதீங்க. விசாரணை முடியற வரைக்கும் இது சம்பவ இடம்."

ராமலிங்கம் எழுந்து போய் வலது ஓரத்திலிருந்து நாடாவை எடுத்து வந்தார். உட்கார்ந்தார். தள்ளினார். எழுந்து போனார். எடுத்து வந்தார். பதினான்கு தடவை. வியர்வை சொட்டியது. தலைவர் லென்ஸை எடுத்துத் தறியின் வெற்றிடத்தை இஞ்ச் இஞ்சாகப் பார்த்தார்.

"நூல் எங்கயாச்சும் அறுந்திருக்குதா?"

"இல்லை," என்றார் சிட்டிபாபு.

"கரை கோணியிருக்குதா? உடம்பும் கரையும் சேர்ற எடத்துல இடைவெளி?"

"ஒண்ணும் இல்ல."

"ஜோசுவா சார்?"

ஜோசுவா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "குறை எதுவும் என் கண்ணுக்குத் தென்படவில்லை."

"எழுதிக்கம்மா கிரேஸ். தனி ஒரு நபர் கோர்வை முறையில் நெய்ததில் எந்தக் குறைபாடும் காணப்படவில்லை. இதுவரை இச்சங்கம் பார்த்ததிலேயே குறை இல்லாத நெசவு."

★

அறிக்கை அறுபத்திரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில் முடிவு இருந்தது. நெசவாளி பாத்திரத்துக்கு ரணதீர் முழுப் பொருத்தம். ராமலிங்கம் அதே பாத்திரத்துக்குப் பதினெட்டு விழுக்காடு பொருத்தம். பயிற்சி எடுத்தால் தேறலாம்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு." தலைவர் ஒரு தாளை நகர்த்தினார். 'கோர்வைப் புடவையை நான் ஒண்டியாகவே நெய்கிறேன். என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. முன்பு சொன்னது தூண்டுதலின்பேரில் சொன்னது.' "போட்டா பாவு உன்னுது. வெறும் கையால தர மாட்டேன். விழா மேடையில ரணதீர் கையால வாங்கிக்க. எப்டி?"

தறி நின்று இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு இரவுக் காவலாளி வேண்டும் என்று தெருக்காரர் ஒருவர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். ராமலிங்கம் தாளைப் படித்தார். 'என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை' என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றார்.

கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னார். எல்லம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நான் எதுலயாச்சும் கையெழுத்துப் போடணுமா?"

"வேணாம். உன் பேரு எதுலயும் இல்ல."

"வசதிதான்." களைந்த தண்ணீரை வடித்தாள். "போங்க. போய் பாவ வாங்கியாந்து ஒண்டியா நெய்ங்க. நான் அந்த நேரத்துல சீரியல் பாக்கறேன்."

"எல்லம்மா, பாவு வந்தா போதும்னுதான்…"

"ஏங்க, அந்த சிட்டிபாபு நான் படத்துல இல்லன்னு சொன்னான். அவன் ஊரான். அதுக்கு நான் சோறு தின்னாம இருக்கல. நீங்க எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க பாரு."

அன்றைக்கு அதற்கு மேல் அவள் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

★

செவிலிமேட்டு மண்டபத்தில் பகல் பதினோரு மணிக்கு விழா. வாசலில் ரணதீருக்கு நாற்பது அடி உயரக் கட்-அவுட். மேடையில் ஒரு நிஜத் தறி. கால் இறங்க வேண்டும் என்பதால் மேடைப் பலகையை அறுத்துக் குழி போட்டிருந்தார்கள். ரணதீர் அதில் உட்கார்ந்து, கேமராக்களுக்கு முன்னால், ஒண்டியாக, நாலு இஞ்ச் கோர்வை நெய்வது விழாவின் சிறப்பு அம்சம்.

ராமலிங்கம் மூன்றாவது வரிசையில் இருந்தார். எல்லம்மாள் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்திருந்தாள். அவர் மேடைத் தறியைப் பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். அரக்குச் சிவப்பு.

"நம்ம பாவு!" என்றார் பக்கத்திலிருந்தவரிடம். அவர் 'உஷ்' என்றார்.

தனசேகரன் மைக் முன்னால் வந்தார்.

"பெரியோர்களே! நெசவாளர்களுக்காகவே வாழும் சங்கம் இது. நெசவாளர்கள் சொல்வதை நாங்கள் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. தீர விசாரிக்கிறோம். ஒருவர் சந்தேகம் கிளப்பினார். நாங்கள் அவரையே சந்தேகப்பட்டோம். அவர் உண்மையைச் சொல்லும் வரை விடவில்லை. நாங்கள் எதிர்பார்த்த உண்மையை அவர் சொன்னதும் விட்டுவிட்டோம்! இதற்குப் பேர்தான் ஜனநாயகம்!"

கைதட்டல் ஓய்ந்ததும் ரணதீர் வந்தார். கட்-அவுட்டைவிடக் கொஞ்சம் குட்டையாக, சிரித்த முகமாக இருந்தார். குழிக்குள் காலை இறக்கினார். நாடாவை எடுத்தார். வலது பக்கம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். சட்டையில் குத்தியிருந்த மைக் உயிரோடு இருந்தது.

"சார், அந்தப் பக்கம் யார் உட்காருவாங்க?"

'ஒண்டியா' என்று தலைவர் ஒரு விரலைக் காட்டினார்.

"இல்ல சார், ஷூட்டிங்ல அந்தப் பக்கம் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க. அவங்க தள்ளுவாங்க, நான் பிடிப்பேன். அவங்க இல்லாம எனக்கு ஒண்ணுமே வராது. எடிட்டிங்ல அவங்களைத் தூக்கிட்டாங்க. நான் டைரக்டர்கிட்ட சண்டையே போட்டேன். 'சங்கத்து ரிஜிஸ்டர்ல ஒரு தறிக்கு ஒரு ஆள்னுதான் இருக்கு'ன்னு ஜெராக்ஸைக் காட்டிட்டார்."

ராமலிங்கம் முப்பத்தெட்டு வினாடியில் சொன்னதை ரணதீர் இருபது வினாடியில் சொல்லி முடித்துவிட்டார். எழுநூறு தறிக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் கேட்டார்கள். இருபது செல்போன்கள் படம் பிடித்தன.

மேடைக்குப் பின்னால், சாப்பாட்டு இலைக் கட்டுகளுக்கு நடுவே, குழு அவசரமாகக் கூடியது. சிட்டிபாபுவின் முகம் வெளுத்திருந்தது.

"எனக்கு முதல்லயே டவுட்டு. அண்ணன் இப்டி பேச மாட்டாரு. நாப்பது பேர ஒண்டியா அடிச்ச மனுஷன், ஒரு நாடாவுக்கு ஆளு கேப்பாரா? கட்-அவுட்டோட உயரமும் ஒத்து வரல."

"திலக்ராஜ் அனுப்புன ஆளா இருக்குமா?" என்றார் தலைவர், இலைக் கட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு.

"நீலச் சட்டை போட்டிருக்காரு, பாத்தீங்களா?"

மூன்று பேரும் திரையை விலக்கிப் பார்த்தார்கள். நீலம்தான். அந்த இடத்திலேயே தீர்மானம் எழுதப்பட்டது: மேடையில் தோன்றியிருக்கும் நபர் 'சூறாவளி' ரணதீர் என்ற பாத்திரத்துக்குப் பொருத்தமானவரா என்று இக்குழு விசாரிக்கும். ஜோசுவா ஒருவர்தான் கையெழுத்துப் போடத் தயங்கினார். அவர் ரணதீரைப் பார்த்துவிட்டதால் இனி நடுநிலை செல்லுமா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருந்தது.

இந்தத் தீர்மானம் எழுதி முடிவதற்குள் முன்பக்கம் வேறொன்று நடந்துவிட்டது.

"யாராவது வந்து உட்காருங்களேன்," என்று ரணதீர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். யாரும் அசையவில்லை. எழுநூறு பேருக்கும் வீட்டில் தறி இருந்தது. தறிக்குப் பாவு சங்கம்தான் கொடுக்க வேண்டும்.

எல்லம்மாள் எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள். வலது பக்கம் உட்கார்ந்தாள். பாவில் கையை வைத்துப் பார்த்தாள்.

"தம்பி, தள்ளு."

ரணதீர் தள்ளினார். அவள் பிடித்துக் கரையைக் கோத்துத் திருப்பி அனுப்பினாள். அது அவர் கைக்குத் தப்பிப் பாவின்மேல் விழுந்தது. நாலைந்து இழை அறுந்தது.

"எழுந்திரு சாமி, எழுந்திரு," என்றாள் எல்லம்மாள். "நீ நல்ல புள்ளதான். உம்மேல தப்பில்ல. ஆனா இது எங்க பாவு. இத்தினி நாளு பட்டினி போட்டு வெச்சிருந்தது. அறுத்துடாத."

ரணதீர் கையெடுத்துக் கும்பிட்டு எழுந்தார். கூட்டம் விசிலடித்தது.

எல்லம்மாள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். "இன்னாங்க, எழுதிக் குடுத்தவரே! ஒண்டியா நெய்வீங்களா, நான் உக்காரட்டுமா?"

ராமலிங்கம் மேடை ஏறினார். அவள் கண்ணைப் பார்க்காமல் அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட்டார். "உக்காரு எல்லம்மா," என்றார், கூட்டத்துக்குக் கேட்கும்படி. "நீ இல்லாம எனக்கு வராது."

நாடா போனது. வந்தது. நாலு இஞ்ச் என்று அச்சடித்திருந்தார்கள். தீர்மானத்தோடு குழு வெளியே வந்தபோது ஆறு இஞ்ச் தாண்டியிருந்தது.

தலைவருக்கு என்ன செய்வது என்று புரியவில்லை. நிறுத்துங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். நிறுத்தாவிட்டால் ரிஜிஸ்டர் தப்பு. சங்கத்தின் மேடையில், சங்கத்தின் பாவில், ரிஜிஸ்டரில் இல்லாத ஒருத்தி நெய்துகொண்டிருக்கிறாள். நாற்பது வருஷ அனுபவம் கைகொடுத்தது. கிரேஸை அழைத்துக் காதில் சொன்னார். கிரேஸ் இரண்டு தடவை 'நிஜமாவா சார்?' என்று கேட்டுவிட்டு எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டால் பாவை எடுத்துப் போகலாம் என்று தலைவர் மைக்கில் அறிவித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு கிரேஸ் ரிஜிஸ்டரைத் தறிக்கே கொண்டுவந்து விரித்தாள். எல்லம்மாள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"துணை நடிகை: எல்லம்மாள்."

"கோச்சிக்காதக்கா," என்றாள் கிரேஸ். "நெசவாளின்னு போட்டா எழுநூறு பேரையும் போடணுமாம். இது மேடை நிகழ்ச்சியாம். அதனால நடிப்புக் கணக்குல ஏத்தியிருக்காரு."

எல்லம்மாள் பேனாவை வாங்கினாள். இழுத்து, அழுத்தி, கட்டத்தைத் தாண்டிப் போகும்படி கையெழுத்துப் போட்டாள்.

"உங்களுக்கு இன்னா போட்டிருக்காங்க?"

"டூப்பு," என்றார் ராமலிங்கம்.

"அப்போ நெசவாளி?"

"ரணதீர். பக்கத்துல 'விசாரணையில் உள்ளார்'னு போட்டிருக்குது."

எல்லம்மாள் அரக்குப் பாவின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தாள். மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார்.

"சரி. அவரு விசாரணை முடிஞ்சு வர்ற வரைக்கும் நம்ம தறி சும்மா கெடக்க வேணாம். ஆட்டோவக் கூப்புடுங்க."